ஆலங்கரை-1 எண்ணெய்க் கிணறு

கேள்வி ஒரே வரிதான். "கடைமடைப் பகுதியில் எண்ணெய்க் குத்தகைக்கு உள்ள தடையை நீக்கினால் துளையிடுதல் அதிகரிக்குமா?" அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். ஆம் அல்லது இல்லை என்று நிரப்ப வேண்டும். வேறு வார்த்தை எழுத அதில் இடமில்லை. இடம் இருந்து எழுதினாலும் யாரும் படிக்கப் போவதில்லை. பதினாறு வருஷம் இந்த வேலையில் இருந்துவிட்டுச் சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது கிண்டியில், சட்ட ஒத்திகை நிலையத்தில். புதிதாக ஒரு சட்டம் போடுவதற்கு முன்னால் அதை எங்களுக்கு அனுப்புவார்கள். எங்கள் கணினிக்குள் அந்தப் பகுதியிலுள்ள ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பிரதி இருக்கிறது. குடும்ப அட்டை, பட்டா, ஆஸ்பத்திரிச் சீட்டு, அவர்கள் அரசாங்கத்துக்குக் கொடுத்த மனுக்கள் என்று கிடைத்ததையெல்லாம் போட்டுச் செய்த பிரதி. அந்தப் பிரதிகள் புதுச் சட்டத்தின் கீழ் பத்து வருஷம் வாழ்ந்து பார்க்கும். நமக்கு அது பதினொரு நாள். நாற்று விடுவார்கள், பெண் கொடுப்பார்கள், வாய்க்கால் வரப்புக்குச் சண்டை போடுவார்கள், செத்தும் போவார்கள். முடிந்ததும் என்ன நடந்தது என்று எண்ணிச் சொல்வது என் வேலை. நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர் பத்து வருஷம் வாழ்ந்ததை ஒரு கட்டத்துக்குள் அடக்கு என்றால் எரிச்சல் வருமா, வராதா?

இந்தத் தடவை கணினி சொன்ன எண் பூஜ்யம். எங்கள் இயக்குநர் பிரபாவதி அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு கிணறுகூட இல்லையா மாசிலாமணி? சரியா ஓட்டினீங்களா?"

"மூணு தடவை ஓட்டினேன் மேடம். ஏற்கெனவே வேற மாவட்டங்கள்ல முப்பத்தொரு வட்டாரம் குத்தகைக்குக் குடுத்திருக்கோம். துளை போட்டது ரெண்டே ரெண்டுல. எண்ணெய் விலை ஏறினாத்தான் அவங்க மிஷினை இறக்குவாங்க. நம்ம சட்டமா விலையை ஏத்துது?"

"துளை போடலைன்னா எதுக்குக் குத்தகை கேக்கறாங்க?"

"எங்க கையில இவ்வளவு நிலம் இருக்குன்னு பங்குதாரருக்குக் காட்டத்தான். வரைபடத்துல அவங்க கலர் அடிச்சிருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அவர் முகம் தெளிந்துவிட்டது. அப்படியானால் இல்லை என்று போட்டு அனுப்பிவிடலாமே என்றார். என் அறிக்கையின் இணைப்பு மூன்றைப் படியுங்கள் என்று கெஞ்சினேன். சுருக்கமாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

குத்தகை விதியில் ஒரு பிரிவு இருக்கிறது. குத்தகைக்குப் போன வட்டாரத்தில் குத்தகைதாரரின் சம்மதக் கடிதம் இல்லாமல் வேறு யாரும் நூறு அடிக்குக் கீழே துளை போடக்கூடாது. கடைமடையில் மேல்மட்டத்துத் தண்ணீர் பூராவும் கடல் புகுந்து உப்பாகிவிட்டது. முந்நூற்றெண்பது அடிக்குக் கீழேதான் நல்ல தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் அந்த ஊர்களுக்கு வந்து சேருவதற்குள் நாற்று காய்ந்துவிடும். ஆக, எண்ணெய்க் கிணறு ஒன்றும் வராது. வரவேண்டிய ஆறாயிரத்துச் சொச்சம் தண்ணீர்க் கிணறுகளும் வராது. பத்து வருஷத்தில் ஒன்பதாயிரம் குடும்பம் ஊரை விட்டுப் போயிருந்தது.

"துளையிடுதல் அதிகரிக்குமான்னு கேக்கறாங்க. உண்மையில குறையும் மேடம். அதை எந்தக் கட்டத்துல எழுத?"

"தண்ணி வேற துறை, மாசிலாமணி," என்றார் பிரபாவதி. கெட்ட மனுஷி இல்லை. இருபது வருஷமாகக் கட்டங்களை நிரப்பி நிரப்பி அப்படி ஆகிவிட்டார்.

கணினி சொல்வதை அப்படியே நம்பக்கூடாது, பிரதிகளில் மூன்று பேரையாவது கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. நான் கூப்பிட்டவர்களில் ஒருத்தி செங்கமலம். ஆலங்கரை என்ற ஊர், ஐம்பத்திரண்டு வயது, விதவை, மூன்று ஏக்கர். ஒத்திகையின் ஆறாவது வருஷத்தில் அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

"ஐயா அவர்களுக்குத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது. ஆழ்துளைக் கிணறு அமைக்கச் சம்மதம் வேண்டிப் பதினான்கு மனுக்கள் கொடுத்தேன். பதில் வரவில்லை. நிலம் தரிசாகிவிட்டது. ஐயா அவர்கள் கருணை கூர்ந்து ஆவன செய்ய வேண்டும்."

கம்பெனி வேண்டாம் என்று சொல்லவில்லை. பதில் சொல்ல அங்கே ஆளே இல்லை. சென்னையில் பூட்டிக் கிடந்த ஓர் அறைக்குப் பதினான்கு மனுவும் போய்ச் சேர்ந்திருந்தன. செங்கமலம் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்தப் பணிவைத்தான் தாங்க முடியவில்லை.

சட்டத்தை முடிவு செய்யும் குழு கூடியபோது என்னையும் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். எதிர்த்தவர்களுக்குப் பரம சந்தோஷம். கிணறே வராது என்று கணினி சொல்லிவிட்டதே, விவசாயத்துக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆதரித்தவர்களுக்கும் சந்தோஷம். ஒன்றும் நடக்கப் போவதில்லை என்றால் அனுமதி கொடுப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்றார்கள். இணைப்பு மூன்று என்று எழுந்து நின்றேன். அது குடிநீர்த் துறைக்கு அனுப்பப்படும் என்று குறித்துக்கொண்டார்கள். ஒருமனதாக நிறைவேறியது. இரண்டு பக்கமும் சேர்ந்து கைதட்டியதை அந்த அறையில் அன்றுதான் பார்த்தேன்.

ஒத்திகையில் வந்த ஆளை நேரில் பார்க்கக்கூடாது என்பதும் எங்கள் விதிதான். நான் மறுநாளே லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். வழி நெடுக அந்தச் சட்டத்தின் முழு வாசகத்தையும் படித்துக்கொண்டு போனேன். அதை அதுவரை யாரும் முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள், எழுதியவர் உட்பட. எழுதியவர் என்று யாராவது இருந்தால்தானே. கருங்கல் குவாரி ஏல விதிகளை எடுத்து, கல் என்று வரும் இடத்திலெல்லாம் எண்ணெய் என்று மாற்றியிருந்தார்கள். உடைத்த எண்ணெயை லாரியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடி எடுத்துச் செல்ல வேண்டும் என்று ஒரு விதி. எண்ணெய்ச் சில்லுகள் பக்கத்து வீடுகளில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இன்னொன்று. இருபத்திரண்டாவது விதி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஐந்து ஏக்கருக்குக் குறைவான துண்டுகளைக் குத்தகைக்கு விடுவதில் அந்தந்த ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கே முன்னுரிமை.

ஆலங்கரையில் இறங்கி விசாரித்துப் போனபோது செங்கமலம் வயலோரம் மோட்டார் கொட்டகையின் தகரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சுத்தியல் கையில் இருந்தது. நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். ஒத்திகையில் அவளுக்கு நேர்ந்ததையும் சொன்னேன்.

"நான் திருப்பூர் போனேனா? எவன் சொன்னான்?"

"கணினி சொல்லுதும்மா. உங்க மனுவையெல்லாம் படிச்சு, நீங்க எப்படிப்பட்டவங்கன்னு..."

"மனுவா? அதை நானா எழுதுனேன்? பஸ் ஸ்டாண்டு வாசல்ல குந்தியிருக்காரே தாத்தா, அவரு எழுதுறாரு. என் மனு, எதுத்த வூட்டுக்காரன் மனு, எல்லாத்துக்கும் அவருக்கு ஒரே தாழ்மைதான். அதை வச்சா எங்களை அளந்தீங்க?"

பதினாறு வருஷம். நாலு லட்சம் பேர். எல்லோரும் ஏன் ஒரே மாதிரிப் பணிவாகப் பேசுகிறார்கள் என்று எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை. கடைமடையே நல்ல சனங்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

இருபத்திரண்டாவது விதியைப் படித்துக் காட்டினேன். அவள் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"குத்தகைக்காரங்க தொளை போட யாரைக் கேக்கணும்?"

"யாரையும் கேக்க வேண்டாம்."

அன்று சாயங்காலமே குழுவைக் கூட்டிவிட்டாள். பன்னிரண்டு பெண்கள். செங்கமலத்தின் மூன்று ஏக்கரும் பக்கத்திலிருந்த இருவரின் நிலமும் சேர்ந்து நாலே முக்கால் ஏக்கர் வந்தது. எண்ணெய் எடுக்க விருப்பம் தெரிவித்து விண்ணப்பம் போனது. பஸ் ஸ்டாண்டு தாத்தாதான் எழுதினார், தாழ்மையுடன். சுற்றியிருந்த வட்டாரம் முழுவதும் மேருகிரி எனர்ஜி என்ற கம்பெனிக்குப் போனது. நடுவில் இந்தத் துண்டு மட்டும் ஆலங்கரை அல்லி மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு வந்தது. விதி அப்படி இருந்ததால் கையெழுத்துப் போட்ட அதிகாரி மறுபேச்சுப் பேசவில்லை.

திருச்செங்கோட்டிலிருந்து போர் லாரி வந்தது. முந்நூற்றுத் தொண்ணூறு அடியில் தண்ணீர் பீறிட்டது. நான் குடித்துப் பார்த்தேன், இளநீர்தான். அந்த வருஷம் சுற்றியுள்ள ஊர்களில் சம்பா நாற்று கருகியபோது ஆலங்கரையில் மட்டும் நடவு நடந்தது. பன்னிரண்டு வீட்டு வயலுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். குடிக்க ஊரே எடுத்துக்கொண்டது.

அரசுப் பதிவேட்டில் அதன் பெயர் ஆலங்கரை-1, ஆய்வு எண்ணெய்க் கிணறு. எண்ணெய் இல்லை என்று தெரிந்த கிணற்றைத் தொண்ணூறு நாளுக்குள் சிமென்ட் போட்டு அடைத்துவிட வேண்டும் என்பது விதி. அது நிஜமான எண்ணெய் விதி, குவாரியிலிருந்து வந்ததில்லை. அதனால் மாதா மாதம் குழுவிலிருந்து ஓர் அறிக்கை போனது. சோதனை நடந்துகொண்டிருக்கிறது, இதுவரை நீர் மட்டும் வருகிறது. அதை எழுதிக்கொடுத்தது நான்தான். ஒரு கோப்பை நிலுவையில் வைப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விட மாட்டார்களே. அடுத்த வருஷம் அதே கட்டத்தோடு இன்னொரு கேள்வி வந்தது. பக்கத்திலுள்ள மூன்று தாலுகாக்களுக்கும் இந்தச் சட்டத்தை விரித்தால் துளையிடுதல் அதிகரிக்குமா?

எங்கள் கணினி நடந்ததைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். தடை நீக்கிய பகுதியில் முன்னால் எண்ணெய்க் கிணறு எத்தனை, பூஜ்யம். பின்னால் எத்தனை, ஒன்று. தோண்டியது யார், மகளிர் குழு. பதினொரு நாள் ஓடி முடித்துவிட்டுக் கணினி சொன்னது: ஆம். இரண்டாயிரத்து இருநூறு கிணறுகள்.

பிரபாவதிக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. மேலிடத்தில் எல்லோரும் வெளிநாட்டு எண்ணெயை நிறுத்தி விடலாம் என்ற அளவுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்களாம். சான்று எழுதிக் கையெழுத்துப் போடு என்றார். அது தண்ணீர்க் கிணறு என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் தண்ணீர் விஷயம் வெளியே வந்து இந்தச் சட்டம் விரிவது நிற்கலாம். என் வேலை போகும், போகட்டும். ஆனால் சொன்ன நிமிஷமே ஆலங்கரைக்கு சிமென்ட் லாரி புறப்படும். சொல்லாவிட்டால் மூன்று தாலுகா, நூற்று நாற்பது ஊர். அதில் உருப்படியாக நடக்கும் மகளிர் குழு இருப்பது எழுபத்தொன்பதில். மீதி அறுபத்தொரு ஊரும் கம்பெனி கலருக்குள் போய், பதில் வராத மனுக்களை எழுதிக்கொண்டிருக்கும்.

முதலில் பிரதியைக் கேட்டேன். கோழைத்தனம்தான். கிணற்றை மூடினால் அறுபத்தொரு ஊர் தப்பும், என்ன சொல்கிறாய் என்றேன்.

"பொதுமக்கள் நலன் கருதி மூடிவிடுமாறு ஐயா அவர்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்னும் கூசுகிறது. மறுநாள் நிஜமானவளிடம் போய் அப்படியே சொன்னேன், பிரதி சம்மதித்துவிட்டது என்பதையும் சேர்த்து. செங்கமலம் களை பறித்துக்கொண்டிருந்தவள் வரப்பில் ஏறி வந்து நின்றாள்.

"அது சொல்லும். அதுக்கு என்னா, நாத்தா இருக்கு?"

கையிலிருந்த களையை வரப்பில் உதறினாள்.

"எங்க தண்ணிய மூடித்தான் அறுபது ஊரு பொழைக்கணும்னா, அப்படிப்பட்ட கேள்வியைக் கேட்டவன் யாரு? அவங்கிட்ட போங்க. எங்கிட்ட ஏன் வர்றீங்க? நான் என்னா தப்புப் பண்ணேன், தண்ணி எடுத்ததைத் தவிர?"

"உண்மையை எழுதணுமேம்மா."

"போன வருசம் உண்மையத்தானே எழுதுனீங்க? யாரு படிச்சா?"

கிண்டிக்குத் திரும்பி வந்து கட்டத்தில் ஆம் என்று எழுதினேன். என் பெயரில் முதல் தடவையாகத் தெரிந்தே பொய் எழுதினேன். அறுபத்தொரு ஊரின் பெயரையும் எனக்காக ஒரு தாளில் எழுதி மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். நல்லவன் என்று காட்டிக்கொள்ள அல்ல, மறந்துவிடக் கூடாதே என்றுதான்.

குழு கூடியது. ஆம் என்ற வார்த்தையை வாசித்தார்கள். இரண்டாயிரத்து இருநூறு கிணறா என்று எதிர்த்தவர்கள் எழுந்தார்கள். சோறு போடும் மண்ணை எண்ணெய்ச் சேறாக்கப் பார்க்கிறீர்களா என்றார்கள். ஆதரித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வரைபடத்தில் கலர் அடிப்பது வேறு. நிஜமாகவே மிஷினை இறக்கினால் அடுத்த தேர்தலில் அந்த மூன்று தாலுகாவுக்குள் கால் வைக்க முடியுமா? முக்கால் மணி நேரத்தில் தீர்மானத்தைத் தூக்கி எறிந்துவிட்டார்கள், அதுவும் ஒருமனதாக. ஒன்றும் நடக்காது என்றபோது அனுமதித்தவர்கள், நடக்கும் என்றதும் மறுத்துவிட்டார்கள். எண்ணெய் நிஜமாகவே வேண்டும் என்று அந்த அறையில் யாருக்குமே இருந்ததில்லை. உண்மை எழுதிக் காப்பாற்ற முடியாத ஊர்களைப் பொய் எழுதிக் காப்பாற்றிவிட்டேன். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் கேன்டீனில் ஒரு டீ குடித்தேன். பிறகு இன்னொன்று.

செங்கமலத்துக்கு போன் போட்டு, தப்பித்தீர்கள் என்றேன். அவள் குரலில் சந்தோஷமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

போனேன். ஆலங்கரைப் பாலத்திலேயே பஸ் நின்றுவிட்டது. சாலை பூராவும் வேன்கள். முந்நூறு பேர் இருக்கும், மூன்று தாலுகாவிலிருந்தும் வந்திருந்தார்கள். குழுவில் படித்த எண்ணும் கிணற்றின் பெயரும் பத்திரிகையில் வந்துவிட்டன. அறுபத்தொரு ஊர்ப் பட்டியலில் நான் எழுதி வைத்த பெயர்களைத் துணிப் பதாகைகளில் பார்த்தேன். பச்சைத் துண்டு போட்ட ஆண்கள், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள். ஆலங்கரை-1 எண்ணெய்க் கிணற்றை உடனே மூடு. விவசாயியின் வயிற்றில் அடிக்காதே. கம்பெனியின் கைக்கூலி அல்லிக் குழுவே வெளியேறு.

வயலின் எல்லையில் அல்லிக் குழுப் பெண்கள் பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். நான் போய்ச் செங்கமலத்தின் பக்கத்தில் நின்றேன். இவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். சொன்னால் அதிகாரிகள் நாளைக்கே அடைத்துவிடுவார்கள், சொல்லாவிட்டால் இவர்கள் அடைக்கச் சொல்வார்கள் என்றாள். இவர்கள் நல்ல சனங்கள் சார், நம்மைப் போலத்தான், அதுதான் வயிறு எரிகிறது என்றாள்.

பன்னிரண்டு மணி வெயில். கோஷம் போட்டவர்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. முன்வரிசையில் ஓர் அம்மாள் தலை சுற்றி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். செங்கமலம் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கொட்டகைக்குப் போய் மோட்டாரைப் போட்டாள். குழாயில் தண்ணீர் கொட்டியது. ஒரு குடத்தைப் பிடித்து எடுத்துப் போய் அந்த அம்மாளுக்குக் கொடுத்தாள். அவள் அண்ணாந்து குடித்துவிட்டு, "நல்லா தித்திப்பா இருக்கே தாயி, எந்த ஊருத் தண்ணி?" என்று கேட்டாள்.

"இந்த ஊருதான்," என்றாள் செங்கமலம்.

குடம் கை மாறிக் கை மாறிப் பின்வரிசை வரை போனது. எல்லோரும் குடித்தார்கள், முகம் கழுவிக்கொண்டார்கள், பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள். பிறகு எழுந்து நின்று, நனைந்த தொண்டையோடு, முன்னைவிட உரக்கக் கிணற்றை மூடச் சொல்லிக் கோஷம் போட்டார்கள்.

செங்கமலம் காலிக் குடத்தை வாங்கி என் கையில் கொடுத்தாள்.

"இன்னும் ரெண்டு கொடம் பிடிச்சுட்டு வாங்க சார். பின்னாடி நிக்கிறவங்களுக்கு எட்டல."